வேலியோரத்து அளவு

எறையூரில் மாமனார் நடராசனின் கரும்புத் தோட்டத்தில் தண்ணீருக்காகப் போட்ட போர், ஐநூறு அடி வரை வெறும் பாறைத்தூளைக் கக்கியது. நிலத்தடி நீரை அளந்து இடம் குறித்துக் கொடுத்தவன் மாப்பிள்ளை கலைவாணன்.

"மாப்ள என்ன செய்வாங்க? என் ராசி அப்படி," என்று எல்லோரிடமும் சொன்னார் நடராசன்.

கலைவாணனுக்கு மட்டும் உண்மை தெரியும். மண்ணில் கம்பிகளை அடித்து மின்சாரம் செலுத்தி அளக்க, அன்று அவன் நடுவயலைத்தான் தேர்ந்தெடுத்திருந்தான். "புது மாப்ள வெயில்ல நிக்கிறதா? ஊரே சிரிக்கும்," என்று மாமியார் வேலியோர நிழலில் நாற்காலி போட்டுவிட்டார். இரும்புவேலி பக்கத்தில் இருந்தால் மின்சாரம் அதில் பாய்ந்து, தண்ணீர் இருப்பதுபோல் கணக்குக் காட்டும். அது தெரிந்தும், மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு அங்கேயே அளந்தான்.

மனைவி சிந்துவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"என்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? அப்பா தன் ராசியத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. அங்க போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னான். நடராசன் காய்ந்த கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்காலி போட்டது எங்க தப்புதான். ஆனா போர் வண்டி வர்றதுக்கு மூணு நாளு இருந்துச்சே, மாப்ள. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

அவர் குரலில் கோபமே இல்லை.