வாய் திறந்தால் தோல்வி

அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஒலிப்பதிவாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் கூடவே கொண்டுவந்த விளையாட்டுகளின் சத்தத்தைப் பதிவு செய்வது அவள் வேலை. இங்கோ தையல்கடை மேசையின் இரு பக்கமும் ஆட்கள் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டத்தின் பெயர் பொத்திப்பிடி. ஒரு வரிசை, துணிக்கடியில் ஒரு பொத்தானைக் கைமாற்றிவிட்டு, மூடிய கைகளை மேசைமேல் வைக்கும். அது யார் கையில் என்று எதிர்வரிசை தொட்டுக் காட்ட வேண்டும். வாய் திறந்தவர் வரிசைக்குத் தோல்வி.

பொத்தான் தங்கை கணவரிடம் இருந்தபோதெல்லாம் தையல்காரர் ஒருமுறைகூடத் தவறவில்லை. எப்படி? ஒலிப்பதிவாளர் தன் ஹெட்போனின் ஒலியைக் கூட்டினாள். துணிக்கடியில் மெல்லிய ‘டிக்’. அடுத்த கணம் தையல்காரர் அந்தத் தங்கை கணவரின் கையைத் தொட்டார். பொத்தான் அங்கேதான் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவரைத் தனியே பிடித்தாள். “மோதிரத்துல பொத்தான் படுற சத்தம்தானே?”

“மெதுவா பேசுங்கம்மா. மச்சான் காதுல விழுந்தா மோதிரத்தைக் கழட்டிருவாரு.”

“சரி, ஏன் பேசவே கூடாது?”

“ஆதியிலேருந்து அப்படித்தான்” என்றார் அவர்.

சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தாள். இந்தக் குடும்பத்தின் சொந்த ஊரிலிருந்தே வாழ்க்கைப்பட்டு வந்தவள். “யார் சொன்னது? அங்க தெருவே அதிர்ற மாதிரி கத்திக்கிட்டுதான் ஆடுவோம். இங்க வந்த புதுசுல நான் வாயைத் திறந்ததும் எல்லாரும் ‘உஷ்’ஷுன்னாங்க. புது மருமக, எதிர்த்துக் கேக்க முடியுமா?”

எல்லோரும் அவள் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நாங்க வந்து இறங்கினப்போ அத்தனை பேருக்கும் ஒரே ரூம். பாதிப் பேருக்கு ராத்திரி வேலை. பகல்ல அவங்க தூங்கும்போது பக்கத்துல உக்காந்து ஆடுவோம். சத்தம் போட்டா செருப்பு பறந்து வரும்.”

“அப்போ இது விதியே இல்லையாப்பா?” தையல்காரரின் குரல் இறங்கியது.

“செருப்புக்குப் பயந்து வெச்ச விதிதான்டா.”

ஒலிப்பதிவாளர் தையல்காரரின் மனைவி பக்கம் திரும்பினாள். “அக்கா, அந்த ஊர் ஆட்டத்தை ஒரு தடவை ஆடிக் காட்டுறீங்களா?”

கேட்டதுதான் தாமதம். ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கணவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“பொத்தி வெச்ச பூனைக்குட்டி எங்க போச்சு? மாமன் மடியிலயா, மச்சான் பிடியிலயா?”

அவள் பாட, அவள் வரிசையே மேசையைத் தட்டியது. தையல்காரர் மச்சானின் கையைத் தொட்டார். வெறுங்கை. அடுத்த ஆட்டத்தில் தங்கையின் கை. அதுவும் வெறுங்கை.

“இது போங்கு! எனக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது!” என்று கத்தினார்.

“கேக்குறதா?” மச்சான் தன் மோதிரத்தைப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் உறைத்தது. “இத்தனை வருஷமா என்னை ஏமாத்தினியா?”

ஒலிப்பதிவாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்கள். இரண்டையும் தனித்தனியாகவே பதிவு செய்வது என்று முடிவு செய்தாள்.

பக்கத்து மருந்துக்கடைக்காரர் பதறியடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். “என்னங்க, சண்டையா?”

“எங்க பக்கம் ஒரு ஆள் குறையுது. வந்து உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் தையல்காரரின் மனைவி.