இல்லை என்று சொல்லப்பட்ட ஊர்

2002 முதல் பேர்லேண்டில் இனாயத்துல்லாவின் கூரைமேல் ஒரு போர்விமானத்தின் நிழல் அசையாமல் கிடந்தது. மேலே விமானம் எதுவும் கிடையாது. டெக்சாஸ் வெயிலில் அந்த வீட்டுக்கு மட்டும் ஏசி பில் பாதிதான் என்று அக்கம்பக்கத்தார் கொஞ்சம் பொறாமைப்பட்டார்கள்.

காயல்பட்டினத்திலிருந்து ஒரு சின்னத் தீவு நாட்டுக்குக் கப்பலேறிய குடும்பம் அவருடையது. அந்நாட்டு விமானப்படையில் பைலட்டாக இருந்தபோது, கலகக்காரர்கள் ஒளிந்திருப்பதாக மேலிடம் சொல்லி அனுப்பியதால், நெத்திலிக்குடா என்ற மீனவ ஊரின்மேல் குண்டு போட்டார். அங்கே கருவாடு காயப்போட்ட பெண்களும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். பிறகு தூதராகி, அப்படி ஓர் ஊரே கிடையாது என்று உலகச் சபைகளில் அழகான ஆங்கிலத்தில் பேசினார். ஜனாதிபதியானதும் வரைபடத்திலிருந்தே அதை எடுத்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை அவருக்கு அப்படிக் கைவந்திருந்தது. ராணுவம் அவரை நாட்டைவிட்டுத் துரத்தியபோது நிழலும் கூடவே வந்துவிட்டது.

மகள் ஆஃபீஃபா அந்தக் கூரையின்கீழ் ஒருநாளும் தங்கியதில்லை. 2004இல் கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் அவளுக்குப் பெண் பிறந்தது. ஏழாம் நாள் பிள்ளையின் காதில் பேர் சொல்ல வேண்டியவர், அந்தக் குடும்ப வழக்கப்படி, தாயின் வாப்பா. இனாயத்துல்லாவுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

“அந்த ஊர் இருந்துச்சுன்னு ஃபர்ஸ்ட் சொல்லுங்க வாப்பா. அப்புறம் பிள்ளையத் தூக்கலாம்,” என்றாள் ஆஃபீஃபா போனில்.

“இல்லாத ஊரை எப்படிம்மா இருந்துச்சுன்னு சொல்றது?”

பக்கத்தில் நின்ற மனைவி ஷரீபாவுக்குப் பொறுக்கவில்லை. “பதவியே போயாச்சு. இன்னும் யாருக்கு ஸ்டேட்மென்ட் விடுறீங்க?” என்று கேட்டுவிட்டு, அவரை இழுக்காத குறையாக லிவர்மோருக்கு அழைத்துப் போனாள்.

உம்மா அழுததால் மகள் இறங்கி வந்தாள். ஹம்னா என்று பேர் முடிவாகியிருந்தது. இனாயத்துல்லா குழந்தையை ஏந்திக் குனிந்தார். வாயில் வந்தது நெத்திலிக்குடா. திருத்திச் சொன்னார், அதுவே வந்தது. மூன்றாம் முறை அவராகவே, தெரிந்தே, அதைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

“காதில சொன்ன பேர் சொன்னதுதான்,” என்றாள் ஆஃபீஃபா. “இதுவே இருக்கட்டும் வாப்பா.”

பிறகு அவள் பேர்லேண்டுக்கே, அந்தக் கூரையின்கீழேயே, குடிவந்தாள். டேகேரில் பிள்ளையை நெட்டி என்றார்கள். வீட்டில் ஷரீபா மட்டும் முழுப்பேரும் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிட்டால் பிள்ளையோடு ஊரே வந்துவிடும். பெண்கள், பிள்ளைகள், எல்லார் காலிலும் ஈரமணல். சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். தண்ணீர் ஊற்றுவது முன்னாள் ஜனாதிபதி. அவர் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. 2009இலும் அப்படித்தான். ஷரீபா அதற்குத் தக்கபடி அரிசி களைந்து போடுகிறாள்.