பெட்டிக்குள் அட்சதை

வீடியோ கேம் பெட்டி சூடாகி அணைந்துபோகிறது என்று அத்தை முதல் தடவை சொன்னபோது கொட்ரேஷ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏப்ரல் மாதத்துத் தாவணகெரேயில் எதுதான் சூடாகவில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. கல்லூரியில் அவன் புள்ளியியல் நடத்தும் அறையில் மேசை சுட்டது. அடுத்த தடவை அவள் கதவோரம் நின்று சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"மாப்பிள்ளே, இப்பல்லாம் சேவல் கூவி முடிக்கறதுக்குள்ள செத்துப்போகுது."

சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பெட்டி அவன் மனைவி ஸ்பூர்த்தி வாங்கியது. பெங்களூரில் அறையைக் காலி செய்துகொண்டு போன ஒரு பையன் விற்ற பழைய பெட்டி. மேல் மூடியில் கீறல், பக்கவாட்டில் பாதி உரிந்த ஒரு மண்டையோட்டு ஸ்டிக்கர். அதில் அவள் விளையாடியது ஒரே விளையாட்டுதான், விவசாயம். ஒரு மரவீடு, கொஞ்சம் நிலம், கோழிகள், ஒரு மாடு. நீலச் சட்டையும் வைக்கோல் தொப்பியும் போட்ட ஒரு பெண். அதற்கு ஸ்பூர்த்தி என்றே பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெண் வீட்டுக்குள் போய்க் கட்டிலில் படுத்தால்தான் அன்றைய வேலை பதிவாகும். ரொட்டி ஆறுகிறது என்று கொட்ரேஷ் கூப்பிட்டால் முன்னறையிலிருந்து பதில் வரும். "இரு, தூங்க வெச்சுட்டு வரேன்."

நவம்பரில் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை.

காரியத்துக்கு ஹாவேரியிலிருந்து வந்த ஸ்பூர்த்தியின் அம்மா, அத்தை சிவலீலம்மா, பிறகு ஊருக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவனும் கேட்கவில்லை. ஒருநாள் சாயங்காலம், இதை எப்படிப் போடுவது என்று கேட்டாள். எந்தப் பொத்தான் என்று காட்டிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். அதிலிருந்து தினமும் அவன் படுக்கையறையில் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் முன்னறையில் சேவல் கூவும், மழை பெய்யும், பெட்டியின் ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சட்டென்று நிற்கும். அத்தை எழுந்து சமையலறைக்குப் போகும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

மச்சினன் மஹாந்தேஷ் ஹூப்ளியிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்தான். அம்மாவைக் கூட்டிப்போக வருகிறேன் என்பான். அத்தை இந்த வாரம் வேண்டாம் என்பாள். கடைசியாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தே தீருவேன் என்று சொல்லிவிட்டான். "மாமா, நான் சின்ன வயசுல கேம் விளையாடினா கரண்டியைத் தூக்கிட்டு வந்தவ இவ. இப்ப அவகிட்டருந்து ரிமோட்டைப் புடுங்க நான் பஸ் ஏறி வரணும்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பில் அக்கறை இருந்தது.

கொட்ரேஷ் பெட்டியை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்து ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரன் போட்டுப் பார்த்தான். சிவப்பு விளக்கு சிமிட்டி அணைந்தது. போர்டு மாற்ற வேண்டியிருக்கும் என்றான். உள்ளே இருப்பது அழிந்துபோனால் தன்னைக் கேட்கக்கூடாது, காப்பி எடுத்து வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டான்.

அவன் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தான். பென்டிரைவைச் செருகிக் காப்பி எடுக்கப் பார்த்தான். திரையில் பட்டை பாதி நகர்வதற்குள் பெட்டி அணைந்தது. ஆறவிட்டு மறுபடி போட்டான். இந்தத் தடவை கால்வாசி. இப்படி அணைந்து அணைந்தே எல்லாம் அழிந்துபோகும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. அவசரமாகக் கம்பியைப் பிடுங்கினான். நவம்பரிலிருந்து அவனுக்கு எதுவும் உறைத்ததில்லை. பயம் வந்ததே அவனுக்குப் புதிதாக இருந்தது.

ஸ்பூர்த்தியின் புடவைகளை அவள் தங்கைமுறைப் பெண்கள் எடுத்துப் போனார்கள். போனை யாரோ அழித்துச் சுத்தமாக்கித் தந்தார்கள். அந்த நிலம் ஒன்றுதான் அவள் விட்ட இடத்தில் விட்டபடி இருந்தது. வீட்டில் இருந்தாலே போதும் என்று அவன் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தான். இப்போது அதுவும் போகப் பார்க்கிறது.

ஞாயிறு காலையில் மேசைமேல் பழைய படுக்கை விரிப்பை விரித்தான். வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தான். நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரும் சூட்டைக் கடத்தச் சிப்மேல் தடவும் பேஸ்ட்டும் வாங்கி வைத்திருந்தான். மேல்மூடியைப் போர்த்தியிருந்த பூவேலைத் துணியை அத்தை எடுத்து மடித்தாள். டிவிக்கு, மிக்ஸிக்கு, தண்ணீர் வடிகட்டிக்கு, எல்லாவற்றுக்கும் அவள் ஒரு துணி பின்னி வைத்திருந்தாள்.

"இதைப் போர்த்தியேவா விளையாடறீங்க?"

அவள் துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள். தூசி படாமல் இருக்க என்று அவனே நினைத்துக்கொண்டான்.

தூசி பறக்கும் என்று கூரை ஃபேனை நிறுத்தச் சொன்னான். அறை அடுப்பாயிற்று. ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றும் ஒரு நீளம். எது எங்கே என்று மாறிவிட்டால் முடிந்தது. அத்தை இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். குழிக்கு ஒரு வகையாகப் போட்டான்.

"நாளைக்கு இட்லில இரும்பு கடிச்சா நான் பொறுப்பில்ல" என்றாள்.

மாப்பிள்ளைக்கு எதிரே உட்காரும் பழக்கம் அவளுக்கு இல்லை. இத்தனை மாதமும் கதவோரத்தில் நின்றே பேசியவள், இன்று மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, தலைமேல் புடவை நழுவியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது. ஒரு சொட்டு போர்டில் விழுந்தால் போதும். தலையைப் பின்னால் இழுத்தான். அவள் துண்டை நீட்டினாள். அவனால் கையை எடுக்க முடியவில்லை. காகிதம் மாதிரி ஒரு கேபிளை இரண்டு விரலால் பிடித்திருந்தான். கிழிந்தால் அதோடு சரி. அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்குப் போனாள்.

கேபிள் கழன்றது. கடைசித் தகடு வந்தது. ஃபேன் தெரிந்தது.

தூசியை அவன் எதிர்பார்த்திருந்தான். சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் அடர்ந்திருந்தது. அதில் வெள்ளைத் திட்டுகள். விரலால் தேய்த்தான். விபூதி. ஃபேன் இறக்கைக்கும் சுவருக்கும் நடுவில் ஏதோ சிக்கியிருந்தது. இடுக்கியால் இழுத்தான். ஓர் அரிசி. வெளிறிய மஞ்சள். அதன் பின்னால் இன்னொன்று. இறக்கைகளின் அடியில் ஏழெட்டு.

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான்.

போன ஆயுத பூஜைக்கு ஸ்பூர்த்தி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். ஸ்கூட்டர், மிக்ஸி, அவனுடைய லேப்டாப், இந்தப் பெட்டி. விளையாட்டுச் சாமானுக்கு என்னத்துக்கு பூஜை என்று கேட்டான். அது அவளுடைய நிலம், அவளுடைய ஏர் என்றாள். மூன்று விரலால் விபூதி இட்டாள். கல்யாணத்தில் மணமக்கள்மேல் போடுகிற மாதிரி கை நிறைய அட்சதையை அள்ளிப் போட்டாள். பாதி தரையில் சிதறியது. பெருக்கியபோது தரையில் இருந்ததை மட்டும்தான் பெருக்கினார்கள். மேல்மூடியின் வரி இடைவெளிகளை யாரும் பார்க்கவில்லை.

"என்ன மாப்பிள்ளே?"

உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

அத்தை கிட்ட வந்து பார்த்தாள். யார் போட்டது என்று கேட்கவில்லை. இதனால்தானா என்று கேட்டாள். இதுவும் ஒரு காரணம், தூசி சேர்ந்து அடைத்துக்கொண்டது, வெயில் வேறு என்றான். அவள் தன் கையை நீட்டினாள். அவன் அரிசியை அதில் கொட்டினான். அவள் கை மூடிக்கொண்டது.

மீதி வேலை இருந்தது. சிப்மேல் பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகியிருந்தது. ஆஸ்பத்திரி நாட்களில் வாங்கி மிஞ்சிய ஸ்பிரிட் பாட்டில் அலமாரியில் இருந்தது. திறந்ததும் அந்த வார்டின் வாசனை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தான். புது பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்தான். கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக எல்லாவற்றையும் பூட்டினான். முடிந்தபோது இட்லித் தட்டில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது.

அத்தை அதைப் பார்த்தாள். அவன் அதைப் பார்த்தான். மறுபடி பிரிக்க அவன் கைக்குத் தெம்பில்லை.

"கல்யாண வீட்டுலயே ஒரு செருப்பு மிச்சமாகுது" என்றாள் அத்தை. "போடுங்க."

பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. கம்பியைச் செருகவில்லை. செருகி மறுபடி அழுத்தினான். சின்னதாக ஒரு பீப். நீலம். நீல விளக்கு வெகுநேரம் நின்றது. பிறகு வெள்ளை. காதை வைத்துக் கேட்டால்தான் ஃபேன் சுற்றுவது தெரிந்தது.

முதலில் பென்டிரைவ். பட்டை நகர்ந்தது. பாதியைத் தாண்டியது. அவன் மூடியில் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தான். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பட்டை முடிந்தது. பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டான். இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நல்லா ஓடுதான்னு பாக்கணும். விளையாடுங்க அத்தே. நானும் இருக்கேன்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அரிசியை மடியில் முடிந்துகொண்டு ரிமோட்டை எடுத்தாள். சேவல் கூவியது. நீலச் சட்டைக்காரி வீட்டைவிட்டு வெளியே வந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. அத்தை கோழிக்கூட்டுக்குப் போனாள். ஒவ்வொரு கோழியாகத் தடவினாள். மாட்டிடம் போனாள். வேலியோரம் நடந்தாள். நட்ட மண் ஈரமாக, கறுப்பாகக் கிடந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. செய்ய வேறு வேலையும் இல்லை. அவள் அந்தப் பெண்ணை மண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள்.

கொட்ரேஷுக்கு அப்போதுதான் உறைத்தது. மாதக்கணக்கில் பக்கத்து அறையிலிருந்து கேட்டது இதே மழைதான்.

"ஏன் அத்தே, இங்க என்னிக்குமே மழையா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னிக்குமே இல்ல. இந்த ஒரு நாள்தான். அவ கடைசியா தூங்க வெச்சுட்டுப் போனா இல்ல, அதுக்கு அடுத்த நாள். நான் இதைத் தாண்டவே இல்ல."

"அப்ப தினமும்..."

"தினமும் இதேதான். நானா அணைக்கக் கை வரல, மாப்பிள்ளே. சாயங்காலம் ஆகறதுக்குள்ள அது தன்னால அணைஞ்சுரும். துணியை எடுத்தா ரொம்ப நேரம் ஓடுது. அதான் எடுக்கல."

அவன் பெட்டியைப் பார்த்தான். வெள்ளை விளக்கு ஆடாமல் எரிந்தது.

விளையாட்டுக்குள் மத்தியானம் கடந்தது. வெளிச்சம் மஞ்சளானது. அத்தை அடிக்கடி பெட்டியின் பக்கம் திரும்பினாள். விரல்கள் ரிமோட்டில் அழுந்தி வெளுத்திருந்தன. திரை கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகிக் கறுத்தது. வீட்டு ஜன்னலில் விளக்கு வந்தது. இந்த விளக்கை அவள் பார்த்ததே இல்லை.

"இன்னும் அணையலியே" என்றாள்.

"அணையாது அத்தே. சரியாயிருச்சு."

"ராத்திரி வந்துருச்சு. தூங்கினா இது போயிரும்."

சட்டைப்பையைத் தட்டிக்காட்டி, காப்பி இருக்கிறது என்றான்.

"காப்பில இருக்கறது வேற. இது அவ தொட்டது." ரிமோட்டை அவன் பக்கம் நீட்டினாள். "நீங்களே அணைச்சிருங்க."

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், நாளைக்கு இதே சேவல், இதே மழை. அது அவனுக்கும் வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இருட்டில் நீலச் சட்டைக்காரி தொப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். தொப்பியின்மேல் மழை கோடுகோடாக விழுந்தது. நேரமாகிவிட்டது, களைப்பாக இருக்கிறது என்று திரையில் ஒரு வரி வந்தது. நீலச் சட்டைக்காரியின் தலை தொங்கியது.

"எவ்வளவு நேரமா நனைஞ்சுட்டு நிக்கறா" என்றான் கொட்ரேஷ். புறங்கையால் கண்ணைத் துடைத்தான். "உள்ள கூட்டிட்டுப் போங்க அத்தே. தூங்க வெச்சிருங்க."

அத்தை அவனைப் பார்த்தாள். அவன் அழுவதை அவள் பார்த்ததே இல்லை, காரியத்தன்றுகூட. திரும்பி ரிமோட்டைப் பிடித்தாள். அந்தப் பெண் மெல்ல நடந்தாள். வாசல், கதவு, கட்டில். தூங்கட்டுமா என்று திரை கேட்டது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

திரை இருண்டது. வெகுநேரம் இருண்டிருந்தது. மிச்சமான அந்த ஸ்க்ரூ அவன் நினைவுக்கு வந்தது.

சேவல் கூவியது.

வெயில் அடித்தது. மழைச் சத்தம் இல்லாத முன்னறை இருவருக்கும் புதிதாக இருந்தது. அந்தப் பெண் வெளியே வந்தாள். அத்தை அவளை வேலியோரம் நடத்திக்கொண்டு போய் நிறுத்தினாள். கறுப்பாகக் கிடந்த மண்ணில் வரிசையாகப் பச்சை முனைகள்.

"என்னமோ போட்டிருக்கா" என்றாள் அத்தை. "என்ன செடி இது?"

அவனுக்குத் தெரியவில்லை. ஸ்பூர்த்தி சொல்லியிருப்பாள், அவன் காதில் வாங்கியிருக்க மாட்டான். வளர்ந்தால்தான் தெரியும் என்றான். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். அதுவும் தெரியாது என்றான்.

வாசலில் மணி அடித்தது. மஹாந்தேஷ் கையில் மண்டக்கிப் பொரிப் பொட்டலத்தோடும் மிளகாய் பஜ்ஜியோடும் நின்றான். உள்ளே எட்டிப் பார்த்தவன், தரையில் அம்மாவும் பக்கத்தில் மாமாவும் உட்கார்ந்திருப்பதைக் கண்டு செருப்பைக் கழற்ற மறந்து நின்றான்.

"பை கட்டலியாம்மா?"

"கதவைச் சாத்து, தூசி வருது" என்றாள் சிவலீலம்மா. "தண்ணி ஊத்தணும். இன்னிக்கு மழை இல்ல."

கொட்ரேஷ் எழுந்து கூரை ஃபேனைப் போட்டான்.