சிஸ்டம் மாப்பிள்ளை

அக்கா வீட்டுக்காரரின் கட்டைவிரலைப் பார்த்தாலே சின்னவளுக்குக் குமட்டும். அந்த விரலுக்கு ஒரு பழக்கம். யாருடைய ஃபோனைக் கையில் எடுத்தாலும் முதலில் நாக்கு நுனிக்குப் போய்வரும், அப்புறம்தான் திரையைத் தேய்க்கும். எச்சில் காய்ந்த கோடு கண்ணாடிமேல் அப்படியே நிற்கும். சொன்னால் சிரிப்பார். "டச் நல்லா எடுக்கும் சின்னவளே, இதெல்லாம் டெக்னிக்" என்பார். எச்சில் தொட்டுத் தேய்ப்பதில் என்னய்யா டெக்னிக் என்று கேட்க அந்தக் குடும்பத்தில் ஓர் ஆள் கிடையாது. ஏனென்றால் அவர்தான் சிஸ்டம் மாப்பிள்ளை.

பட்டம் வைத்தது மாமா, அதாவது அம்மாவின் தம்பி. மாப்பிள்ளைக்கு ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் உருவுவார். கம்ப்யூட்டர் நின்றுபோனால் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவார். அதிலும் சரியாகவில்லை என்றால் வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடுவார். அவ்வளவுதான் வித்தை. ஆனால் மாமியார் வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால், உலகத்து ஹேக்கர்கள் எல்லாம் இவருக்குப் பயந்துதான் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள் என்கிற தோரணை வந்துவிடும். யார் புது ஃபோன் வாங்கினாலும் பெட்டியைப் பிரிக்காமல் அவர் கையில் கொடுப்பதுதான் வழக்கம். மெயில் திறப்பது, பாஸ்வேர்டு வைப்பது, எல்லாம் அவர் பாடு. மறுநாள் "செட் பண்ணியாச்சு, சும்மா யூஸ் பண்ணுங்க" என்று எச்சில் கோட்டோடு திரும்பி வரும். யாருக்கும் தன் பாஸ்வேர்டு தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது, சின்னவளையும் சேர்த்துத்தான்.

சின்னவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் முடிந்து ரத்தமும் சதையும் ஒட்டி வருகிற கத்தி, கத்தரி, இடுக்கிகளைப் பிரித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, நீராவிப் பெட்டியில் ஏற்றி, உறையில் போட்டு ஒட்டி அனுப்புகிற பிரிவு. ரத்தத்துக்கு அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ரத்தம் கழுவினால் போய்விடும்.

அதே பிரிவுக்குப் பொறுப்பாளர் வேலை, தூரத்து ஊரில், இன்னும் பெரிய ஆஸ்பத்திரியில் காலியாக இருந்தது. சின்னவள் யாரிடமும் மூச்சு விடாமல் எழுதிப்போட்டாள். நேர்காணலைக்கூடச் சாப்பாட்டு இடைவேளையில், கையுறைப் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில் நின்றபடி ஃபோனிலேயே முடித்தாள். வீட்டில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா போனபிறகு அம்மாவோடு இருப்பவள் அவள்தான். அம்மா கல்லு மாதிரி இருக்கிறாள், சந்தைக்குப் போய் இரண்டு கையிலும் பை தூக்கி வருகிறாள். ஆனாலும் சின்னவள் வாசல் தாண்டினால் போதும், "நீ போயிட்டா எனக்கு யாருடி" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால் வேலை கையில் கிடைக்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

பதில் வரவில்லை. தினமும் மெயிலைத் திறந்து பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. பொறுக்க மாட்டாமல் சனிக்கிழமை அந்த ஆஸ்பத்திரி ஆபீஸுக்கே ஃபோன் போட்டாள்.

எடுத்த பெண் பெயரைக் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். அப்புறம், "என்னங்க இப்படிக் கேக்கறீங்க, நீங்கதானே வேண்டாம்னு எழுதினீங்க?" என்றாள்.

"நான் எழுதலையே."

"உங்க மெயில்ல இருந்துதான் வந்திருக்கு. உடம்பு சரியில்லாத தாயாரைத் தனியே விட்டு வர மனமில்லைன்னு. நான்கூட, நாங்க மெயில்ல எழுதியிருந்த மாதிரி ரூம் நாலாவது மாடி, லிஃப்ட் இல்ல, அதுக்குத்தான் பின்வாங்கிட்டாங்களோன்னு நெனச்சேன்."

வேலை கிடைத்திருக்கிறது, அதை அவளே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள், இரண்டுமே அவளுக்குத் தெரியாது.

அந்தப் பெண் நல்ல மனசுக்காரி. "திங்கக்கிழமை காலையில அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. அதுக்குள்ள அதே மெயில்ல இருந்து, வரேன்னு எழுதிடுங்க. ஆனா யாரோ உங்க மெயிலுக்குள்ள பூந்திருக்காங்க. மொதல்ல அதைப் பூட்டுங்க. நீங்க வரேன்னு எழுத, அவங்க மறுபடியும் வரலைன்னு எழுதினா, எங்க மேலதிகாரி இந்தப் பொண்ணே வேண்டாம்னுடுவாரு" என்றாள்.

எப்படிப் பூட்டுவது? அதற்குத்தான் வீட்டிலேயே நிபுணர் இருக்கிறாரே. ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பமும் மாமாவும் சாப்பிட வருவார்கள். அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, எந்தப் படுபாவி என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்று சின்னவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் மேஜையில் கோழி வந்ததும் பேச்சு வழக்கம்போல ஃபோனுக்குப் போயிற்று.

"மாப்பிள்ளை, இந்த ஃபோன் நாம பேசறதை ஒட்டுக் கேக்குது" என்றார் மாமா. "நேத்து செருப்பு அறுந்துபோச்சுன்னு சொன்னேன். இன்னைக்குத் திறந்தா ஒரே செருப்பா வருது."

"கேக்கும் மாமா, கேக்காம?" மாப்பிள்ளை கோழிக்காலைக் கடித்து இழுத்தார். மோவாயில் எண்ணெய் வழிந்தது. "அதான் நான் லேப்டாப் கேமரால பேண்டேஜ் ஒட்டியிருக்கேன். நாம குளிக்கறது திங்கறது எல்லாத்தையும் எவனோ ஒருத்தன் உக்காந்து பாத்துக்கிட்டிருக்கான்."

"என் குளியலைப் பாத்து அவன் என்ன பண்ணப்போறான், பாவம்" என்றார் மாமா.

"சிரிக்காதீங்க. ராத்திரி வைஃபையை அணைக்கணும். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக்கூடாது. ஓடிபி வந்தா பெத்த அப்பனே கேட்டாலும் குடுக்கக்கூடாது. எல்லாக் கணக்கும் ஒரே ஆள் கண்காணிப்புல இருக்கணும். இந்தக் குடும்பத்துல ஒருத்தர்கிட்டயாவது திருட்டு நடந்திருக்கா சொல்லுங்க?"

"மாப்பிள்ளை இருக்கறவரைக்கும் நமக்கென்ன கவலை" என்றாள் அம்மா. பெரிய பாத்திரத்தை ஒற்றைக் கையால் தூக்கி அவர் தட்டில் இன்னும் இரண்டு துண்டு போட்டாள்.

எண்ணெய்க் கையோடு மாப்பிள்ளை மாமாவின் ஃபோனை வாங்கினார். விரல் நாக்குக்குப் போயிற்று, கண்ணாடிக்கு வந்தது. சின்னவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எப்போது எழுந்து இவரைத் தனியாகக் கூப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்றேன். நெட்டுல வேலை தேடறது மாதிரி ஆபத்து எதுவும் கிடையாது" என்றார் மாப்பிள்ளை, வாயில் சோற்றோடு. "பேர், ஊர், படிப்பு, அத்தனையும் எவன்கிட்டயோ குடுத்துட்டு, கடைசியில முன்பின் தெரியாத ஊர்ல, லிஃப்ட்கூட இல்லாத நாலாவது மாடி ரூம்ல போய்க் கெடக்கறது. இது தேவையா?"

சின்னவள் மென்றுகொண்டிருந்த வாய் நின்றுபோயிற்று. அந்த நாலாவது மாடியை இந்த வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கே நேற்றுத்தான் தெரியும்.

தட்டை நகர்த்திவிட்டு இடது கையால் தன் ஃபோனை எடுத்தாள். மெயிலில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்று இருந்த இடத்தை அழுத்தினாள். உங்கள் காப்பு ஃபோன் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியுள்ளோம் என்று வந்தது. அவள் ஃபோன் சும்மா இருந்தது. தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்த மாப்பிள்ளையின் ஃபோன் டிங் என்றது.

"அக்கா, உன் ஃபோனைக் குடு."

"எதுக்குடி?"

"குடேன்."

அக்காவின் ஃபோனில் அழுத்தினாள். ஜாடிக்குப் பக்கத்தில் டிங். மாமாவின் ஃபோனை அத்தானின் கையிலிருந்தே வாங்கி அழுத்தினாள். டிங்.

"என்ன மாப்பிள்ளை, உங்க ஃபோன் ஓயாம கத்துது?" என்றார் மாமா.

"நம்ம எல்லார் வீட்டுச் சாவியும் இவர் பையில இருக்கு மாமா. நம்ம பாஸ்வேர்டை யார் மாத்தினாலும் இவர்கிட்டதான் நம்பர் வரும். இவர் நெனச்சா எப்ப வேணும்னாலும் நம்ம மெயிலுக்குள்ள போய்ப் படிச்சுட்டு வரலாம்."

மாப்பிள்ளை சிரித்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. "அது உங்க சேஃப்டிக்கும்மா. நீங்கள்லாம் ஃபோனைத் தொலைச்சுடுவீங்க, நம்பரை மாத்திடுவீங்க. யாராவது ஒருத்தர் பொறுப்பா இருக்கணுமில்ல?"

"அதுவும் சரிதானே" என்றார் மாமா. இவரிடம் எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் அதுவும் சரிதான், இதுவும் சரிதான்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்கு மாமா" என்றாள் சின்னவள். "வெளியூர்ல. பொறுப்பாளர் வேலை. அந்த மெயிலை நான் பாக்கறதுக்கு முன்னாடியே அழிச்சுட்டு, என் பேர்ல வரலைன்னு பதிலும் போயிருக்கு. உடம்பு சரியில்லாத தாயாரை விட்டு வர மனமில்லையாம்."

எல்லோரும் அந்த உடம்பு சரியில்லாத தாயாரைப் பார்த்தார்கள். அவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஹேக்கருங்க வேலையா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. "இப்பல்லாம் வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு..."

"நான் வேலைக்குப் போனா ஹேக்கருக்கு என்ன, போகலைன்னா என்ன? நாலாவது மாடி, லிஃப்ட் இல்லைன்னு உங்களுக்கு யாரு அத்தான் சொன்னது?"

ஹேக்கர்களை ஓட ஓட விரட்டும் மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார்.

"அவரை ஏண்டி கேக்கற" என்றாள் அம்மா. "நான்தான் எழுதச் சொன்னேன்."

சின்னவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"மாப்பிள்ளைதான் வந்து சொன்னாரு, இப்படி உனக்கு வேலை வந்திருக்குன்னு. நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. பெத்தவளுக்கு மறைச்சுப் பண்றது மட்டும் நியாயமா? நல்லதனமா எழுதுங்க, யாரு மனசும் நோகாமன்னு சொன்னேன். அவரும் மரியாதையாத்தான் எழுதினாரு, எனக்குப் படிச்சுக் காமிச்சாரு."

படிச்சுக் காமிச்சாரு. இந்த அம்மாதான் போன வாரம் முழுக்க, "ஏண்டி முகம் வாடிக் கிடக்க, ஆஸ்பத்திரில ஏதாவது திட்டினாங்களா?" என்று தலையைத் தடவிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாட்டத்துக்குக் காரணத்தைத் தானே செய்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தடவியும் கொடுத்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்கிறது என்பார்கள். இங்கே தோட்டக்காரியே வேலியைத் திறந்துவிட்டிருக்கிறாள். இந்த ஆள் என்னென்ன படித்திருப்பான்? ஸ்டோர் ரூமில் இருந்து அனுப்பியவை, டாக்டரிடம் கேட்டவை, சிநேகிதியிடம் அழுதவை, எல்லாவற்றிலும் அந்த எச்சில் விரல் போய்வந்திருக்கிறது. தூ என்று துப்ப வேண்டும்போல இருந்தது. துப்புவதற்குக்கூட அந்த ஆள் பக்கம் திரும்பப் பிடிக்கவில்லை.

"சரி விடு, குடும்பம்னா இப்படி அப்படித்தான்" என்றார் மாமா. "மொதல்ல எல்லாரும் சாப்பிடுங்க."

சின்னவள் தன் ஃபோனில் மறுபடி அழுத்தினாள். டிங்.

"நம்பரைச் சொல்லுங்க அத்தான்."

மாப்பிள்ளை தன் ஃபோன்மேல் கையை வைத்துக்கொண்டார். "ஆத்திரத்துல எதையும் பண்ணாத. சாயங்காலம் நிதானமாப் பேசுவோம்."

"என்னோட மெயில். என்னோட நம்பர். சொல்லுங்க."

"ஓடிபியெல்லாம் அப்படி யாருக்கும் சொல்லக்கூடாதும்மா" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்துக்குத் தானே இளித்தார். மாமாகூடக் களுக்கென்று சிரித்துவிட்டார்.

அக்கா தட்டைத் தள்ளினாள். எழுந்தாள், குழாயடியில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். புருஷனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அடியில் இருந்த ஃபோனை உருவினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த ஃபோனைத் தொட்டதே இல்லை. தொடக்கூடாது, சென்சிடிவ் என்று அவர் சொல்லியிருந்தார்.

"ஏய், அதை வை" என்றார் மாப்பிள்ளை.

"மேலேயே தெரியுதுங்க, திறக்க வேண்டியதில்ல" என்றாள் அக்கா. ஒவ்வோர் எண்ணாக, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். சின்னவள் அடித்தாள். மெயில் திறந்தது. முதல் காரியமாக அத்தானின் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டாள், புது பாஸ்வேர்டு வைத்தாள். பிறகு அந்த ஆபீஸ் பெண்ணுக்கு எழுதினாள். முன்பு வந்த கடிதம் என்னுடையது அல்ல, நான் வருகிறேன், நாலாவது மாடி எனக்குப் பிரச்சினை இல்லை. படித்துப் பார்த்து அனுப்பினாள். இந்தத் தடவை அதை யாராலும் போய்த் திருத்த முடியாது.

"என்னோடதையும் மாத்திக் குடு" என்றாள் அக்கா.

மாமா கொஞ்சம் யோசித்தார். அப்புறம் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் தன் ஃபோனையும் மேஜைமேல் தள்ளிவிட்டார். மாப்பிள்ளை, "நாளைக்கு எவனாவது பூந்தா என்கிட்ட வராதீங்க" என்று முனகிக்கொண்டே எலும்பை உறிஞ்சினார். ஒவ்வொரு கணக்கும் கை மாறும்போது, அக்கா கையில் இருந்த அவர் ஃபோன் ஒருதரம் டிங் என்றது.

கடைசியில் சின்னவள் அம்மாவிடம் கையை நீட்டினாள்.

அம்மா தன் ஃபோனை மடிக்குள் இழுத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் மாத்த வேண்டாம். மாப்பிள்ளைகிட்டயே இருக்கட்டும்" என்றாள். "நீதான் போகப்போறியே."

"சரிம்மா" என்றாள் சின்னவள்.

எழுந்துபோய்க் குழாயைத் திறந்தாள். சோப்புப் போட்டு, ஆஸ்பத்திரியில் கழுவுவதுபோல விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை வரைக்கும் தேய்த்தாள். பின்னால் மேஜையில் அம்மா, "மாப்பிள்ளை, நீங்க சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்று சொல்வது கேட்டது. சின்னவள் கையை அலசிவிட்டு, இன்னொரு தடவை சோப்பை எடுத்தாள்.