கொக்கு எண்ணப் போன கிரெட்டா

பள்ளியின் கௌரவ மாணவர் சங்கத்தில் சேர கிரெட்டாவுக்கு மதிப்பெண் இருந்தது. சமூகசேவையில்தான் இரண்டு மணி நேரம் குறைந்தது. அதற்காகவே அந்த மார்ச் மாத விடியலில் பிளாட் என்ற ஆற்றின் கரையில், பறவை பார்க்கும் குடிலில் கொக்கு எண்ண வந்திருந்தாள்.

பனிமூட்டத்துக்குள் ஆறே ஏதோ முணுமுணுப்பதுபோல் இருந்தது. மங்கலாகத் தெரிந்தவற்றை முந்நூறு வரை எண்ணினாள். வெளிச்சம் பரவியதும் சாம்பல் நிற மணல்திட்டு ஒன்று அப்படியே எழுந்து பறந்தது. திட்டல்ல, அத்தனையும் கொக்குகள்! பென்சில் அதற்குமேல் நகரவில்லை. வானம் காலியாகும்வரை தானும் மிதப்பதுபோல் நின்றாள்.

குடிலின் பொறுப்பாளர் மிஸஸ் நோவாக் அவளுடைய சேவை நேரப் படிவத்தில் கையெழுத்துப் போட வந்தார். "எத்தனை வந்துச்சு?"

"முந்நூறுக்கு மேல எண்ணவே இல்ல மிஸஸ் நோவாக். வாயப் பொளந்துக்கிட்டு பாத்துட்டே நின்னுட்டேன். எண்ணுனது பாதி நேரந்தான், ரெண்டு வேணாம், ஒரு மணி நேரம்னே போடுங்க."

"சங்கத்துல சேரணும்னியே, பொண்ணே?"

"அடுத்த சனிக்கிழமையும் வர்றேன்."

"நல்ல ஆளுதான் போ! நானே பாதி நாள் எண்ணாமத்தான் நிக்கிறேன்" என்று சிரித்தபடி அவர் ஒன்று என்றே எழுதினார்.

மறுவாரம் மிச்ச நேரமும் சேர்ந்தது, சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் கிரெட்டா இருட்டோடு கிளம்பினாள், படிவம் எதுவும் இல்லாமல்.