'காத்திரு' என்கிற வரி

1

இந்தக் கதை ஒரு பூட்டிலிருந்து வந்தது. பெத்ரொஷானி என்கிற சுரங்க ஊரில் என் பக்கத்து மேசைக்காரி ருக்சாந்திரா, சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்புகளுக்குக் கணினி நிரல் எழுதுகிறவள். யாரும் எடுத்துத் திருத்தட்டும் என்று அதை இணையத்தில் ஒரு தளத்தில் வைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை அந்தத் தளம் அவள் கணக்கைப் பூட்டிவிட்டது. காரணம் சொல்லவில்லை. முறையிட்டால் ஓர் இயந்திரம் பதில் போட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மலைமேல் மூடுபனி இறங்க

(பனிக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.)

2

"மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டிருக்க?" என்றான் திபெரியு, கூட வேலைசெய்கிறவன். வாய் நிறைய ரொட்டி வளையம். "நிரல் முழுசா என்கிட்ட இருக்கு. போலந்துக்காரன் யாரெக் கிட்டயும் இருக்கு. மத்தியானத்துக்குள்ள வேற எடத்துல ஏத்திடறேன்."

ஏற்றியும்விட்டான். இந்த ஏற்பாட்டின் பலம் அது. அவரவர் கையில் முழுப் பிரதி. பார்த்தேயிராத யாரெக் இவர்களுக்குக் கூட்டாளியானதும் அந்தத் தளத்தால்தான்.

பூட்டோடு போனது பேச்சு. எந்த வரி எதற்கு என்று வருஷக்கணக்கில் போட்ட சண்டையெல்லாம் தளத்துப் பக்கங்களில் மட்டுமே கிடந்தது. நிரலுக்குள் ஒரு சொல்கூட எழுதிவைக்கவில்லை. அங்கேதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

3

யாரெக்கை வில்லனாக எழுதிப் பார்த்தேன். அவன் கண்களில் ஒரு [வேண்டாம். அவனும் சுரங்கத்து வீட்டுப் பிள்ளை.]

மறுநாளே அவன் ஒரு திருத்தம் அனுப்பினான். பம்பு நின்றால் உடனே மறுபடி ஓடவேண்டியதுதானே, நடுவில் 'காத்திரு' என்று ஒரு வரி எதற்கு? தன் பிரதியில் எடுத்துவிட்டான். வேகம் கூடியது. பார்த்தவர்களெல்லாம் கட்டைவிரலை உயர்த்தினார்கள். (அதற்குப் படிக்கவேண்டியதில்லை. தளத்தின் குறையா, நம் குறையா? இரண்டும்.)

"ஏத்துக்க, ருக்சா. கீழ ஆளுங்க முழங்கால் தண்ணியில நிக்கிறாங்க."

"இந்த வரிக்காக நாள் பூரா அடிச்சுக்கிட்டமே, ஞாபகமிருக்கா?"

"அடிச்சுக்கிட்டது இருக்கு. எதுக்குன்னு இல்ல."

"எனக்கும் அதே கதிதான். பம்பு ஒடஞ்சா தண்ணி கழுத்துக்கு வரும், திபி. அப்ப எத வச்சு எறைப்ப, ஒன் கட்டவெரலயா?"

4

முடிவு ஒன்று: கணக்கு திறக்கிறது, பழைய பேச்சு கிடைக்கிறது. (சினிமா.) இரண்டு: வரியை எடுக்கிறாள், பம்பு உடைகிறது. (அவளைத் தண்டிக்க நான் யார்?) மூன்று: எடுக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. (எனக்கு இதுதான் பயம்.)

நடந்தவரை சொல்கிறேன். அந்த வரிக்கு மேலே அவள் தட்டினாள்: 'இது ஏன் என்று மறந்துவிட்டோம். தெரியும்வரை யாரும் எடுக்கக் கூடாது.' பிறகு கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"கெளம்பு. சுரங்கத்துப் பட்டறையில பழைய பம்பு ஒண்ணு சும்மா கெடக்கு. காத்திருக்க விடாம நிறுத்தி நிறுத்தி ஓட்டுவோம். ஒடையறதா இருந்தா அது ஒடையட்டும்."

"ஒடையலேன்னா?"

"மறுபடி ஓட்டுவோம்."

பஸ் ஏறிவிட்டார்கள். நான் ஏறவில்லை. அடித்த வரிகளை ஏன் அழிக்காமல் விட்டேன் என்றால், காரணம் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றுதான். யாரெக்கின் திருத்தம் இன்னும் திறந்தே கிடக்கிறது. ஏற்பதோ மறுப்பதோ உங்கள் பாடு. எதைச் செய்தாலும் ஏன் என்று அங்கேயே எழுதிவிட்டுப் போங்கள். கட்டைவிரலை மட்டும் காட்டாதீர்கள்.