சாயம் போடாத தண்ணீர்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, மின்சாரம் பாய்ச்சி, அமிலத்தையும் காரத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறோம். அமிலம் தொட்டிக்குப் போகிறது, காரம் குழாய் வழியாகத் திரும்பக் கடலுக்குப் போகிறது. காரம் சேர்ந்த கடல், காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம்.

"ஊரெல்லாம் விடுற புகைய நீங்க ஒருத்தரே கடல்ல கரைக்கப் போறீங்களாக்கும்" என்று என் மச்சினன் என்னை ஓட்டாத நாள் கிடையாது. என் மனைவியின் ஒரே தம்பி, படகு வைத்து மீன் பிடிக்கிறவன். வாய்த்துடுக்கு அதிகம். ஆனால் என் மேல் அவனுக்கு உயிர்.

நான் பம்ப் அறை ஆபரேட்டர். நல்ல தண்ணீர் எங்களுக்கு லாரியில்தான் வரும். அதனால் தரை கழுவ, பூட்ஸ் கழுவ என்று எல்லாவற்றுக்கும் கடலுக்குப் போகும் குழாயிலிருந்தே ஒரு ஹோஸ் இழுத்து வைத்திருந்தோம். கூடாது என்று போர்டு தொங்கியது. போர்டை யார் படித்தார்கள்? நிறையக் கடல் தண்ணீர் கலந்துதான் காரம் வெளியே போகும். கையில் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும், ஒன்றும் செய்யாது. மாதத்தில் இரண்டு நாள் மட்டும் சோதனைக்காகக் கலக்காமல் விடுவோம். அது தோலை உரித்துவிடும். அது கடலில் எங்கே பரவுகிறது என்று படகிலிருந்து பார்க்க, அன்றைக்குக் குழாயில் சிவப்புச் சாயம் சேர்ப்பார்கள். ஹோஸிலும் சிவப்பாக வரும். சிவப்பு வந்தால் கை வைக்காதே. ஐந்து வருடமாக நாங்கள் மதித்த ஒரே விதி அதுதான்.

சாயத்தால் தீங்கு இல்லை. ஆனால் சிவந்த கடலில் பிடித்த மீனை யார் வாங்குவார்கள்? ஒருநாள் மச்சினன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டான்.

"அத்தான், நீங்க என்னத்த வேணா விடுங்க. அந்தச் செவப்ப மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. எங்க ஆளுங்க கொதிச்சுப்போய்க் கெடக்கறாங்க."

"பேசுங்களேன், உங்க பேச்சக் கேப்பாங்க" என்று என் மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

பேசினேன். படகில் கருவி இருக்கிறது, சாயம் இல்லாமலே சமாளிக்கலாம் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார். மச்சினன் போய்த் தன் ஆட்களிடம் "நிறுத்திட்டாங்க" என்று சொன்னான். எதை நிறுத்தினோம் என்று அவனும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அடுத்த சோதனை நாளில் எங்கள் கருவிப் படகைக் கடலில் பார்த்துவிட்டார்கள். நிறத்தை எடுத்துவிட்டு விஷத்தைத் திருட்டுத்தனமாக விடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. காலை பத்து மணிக்கு ஐம்பது பேர் கேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

தடுத்த வாட்ச்மேனின் வாயில் துடுப்பால் அடித்தார்கள். அவர் பல்லைத் துப்பிக்கொண்டே கீழே விழ, அவர் மேலேயே மிதித்து ஓடினார்கள். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடியெல்லாம் நொறுங்கியது. கதவைச் சாத்தப் போன உதவியாளரின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்தே நெரித்தார்கள். அவருடைய அலறல் பம்ப் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

மச்சினன் கடப்பாரையோடு நேராக என்னிடம் வந்தான்.

"என்னைய எல்லார் முன்னாலயும் பொய்யனாக்கிட்டீங்கல்ல?"

"டேய், சொல்றதக் கேளு" என்றேன். கேட்கவில்லை. கடப்பாரையை வீசினான். என் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது.

மாடியிலிருந்து மேனேஜர், "தண்ணிய அடிச்சு வெரட்டுங்க" என்று கத்தினார். வலது கையால் ஹோஸை எடுத்துத் திறந்தேன். தெளிந்த, நிறமில்லாத தண்ணீர்; சிவப்பு இல்லாததால், ஐந்து வருடப் பழக்கத்தில் கை தயங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே அடித்தேன். அதை மறைக்க மாட்டேன். வலியும் ஆத்திரமும் என் கண்ணை மறைத்திருந்தன.

முதலில் அவன் சிரித்தான். "என்ன, குளிப்பாட்டி விடறீங்களா?" என்றான். அடுத்த நொடி கடப்பாரையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சுருண்டான். பின்னால் நனைந்தவர்கள் கையையும் கழுத்தையும் பிறாண்டிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினார்கள். என் மணிக்கட்டில் தெறித்த துளிகள் நெருப்பாக எரிந்தன. அப்போதுதான் இன்றைக்கு என்ன நாள் என்பது எனக்கு உறைத்தது.

காரம் கண்ணில் பட்டால் இமையைத் திறந்து வைத்து நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பார்வை போய்விடும். முற்றத்தில் அதற்கென்றே ஒரு ஷவர் இருந்தது. அவன் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்ச் சங்கிலியை இழுத்துவிட்டு, அவனை மல்லாக்கத் தள்ளி நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தேன். இமைகள் பூட்டிக்கொண்டிருந்தன. விரலை உள்ளே விட்டுப் பிரித்தேன். அவன் என் கையைக் கடித்தான். சதை வாயோடு போயிற்று.

பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? கண்ணைக் கெடுத்தவன் இப்போது மூச்சுத் திணற வைத்துக் கொல்கிறான். "விடுறா அவன" என்று துடுப்பால் என் முதுகில் அடித்தார்கள். விலாவில் உதைத்தார்கள். முறிந்த தோளைப் பிடித்து முறுக்கினார்கள்.

"என்னைய அடிச்சுக்கங்கடா, தண்ணிய மட்டும் நிறுத்தாதீங்க" என்று கதறினேன். யார் காதிலும் ஏறவில்லை. என் தலையில் ஏதோ விழும்வரை அவன் இமையை நான் விடவில்லை.

அவனுடைய இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் பாதிப் பார்வையாவது மிஞ்சும் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அவன் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு கண்ணிலும் கட்டு. பக்கத்தில் என் மனைவி. மூன்று நாளாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அத்தான், ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க" என்றான். "அந்தச் செவப்பு இருந்திருந்தா நீங்க அடிச்சிருக்க மாட்டீங்கல்ல? நாந்தானே நிறுத்தச் சொன்னேன்? என் கண்ண நானே கெடுத்துக்கிட்டேன், இல்ல?"

ஆமாம் என்பதுதான் உண்மை. ஆமாம் என்றால் எனக்கு மன்னிப்புக் கிடைக்கும், மனைவியும் என்னோடு பேசுவாள். அவன் மட்டும் அந்த அரைக்கண்ணோடு ஆயுசுக்கும் தன்னையே தின்றுகொண்டிருப்பான். எனக்கு மனசு வரவில்லை.

"இல்லடா. அது கலக்காத காரம்னு தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்."

அவன் கையை நீட்டி என் முகத்தைத் தேடினான். நெற்றி, மூக்கு என்று தடவி, இரண்டு கட்டைவிரலையும் என் கண்களின் மேல் வைத்து அழுத்த ஆரம்பித்தான். நான் தலையை இழுத்துக்கொள்ளவில்லை. மனைவி எழுந்து வந்து தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் வரவில்லை.